பெரட்டுக்கு வராத பெயர்கள்

(தோட்டக் கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓய்வு பெற்ற கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, வீட்டு வேலையையும் முடித்துவிட்டு இந்த மாலை நேரத்தில் வந்து அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீண் பேச்சில் கழிக்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக ஒரு தீர்மானம் இருக்கிறது. இளைஞர் பகுதித் தம்பிமார் கொண்டு வந்தது. குடிநீர்க் குழாயை மாற்றித் தர வேண்டும் என்று நம் கிளை முகநூலில் எழுதியதற்கு 31 பேர் மட்டுமே லைக் போட்டிருக்கிறார்கள். காசு கொடுத்தால் ஓர் இரவில் ஐயாயிரம் லைக் வாங்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் கிளை நிதியிலிருந்து 300 வெள்ளி ஒதுக்க வேண்டும் என்பது தீர்மானம். "அரசாளும் கட்சிகளே இதைச் செய்கின்றன, நாம் செய்தால் என்ன?" என்று தம்பிமார் கேட்கிறார்கள்.

அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கிற வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள். ஆனாலும் இந்தத் தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் பேச அனுமதி கேட்டேன்.

எட்டுப் பெயர்கள்

நான் செக்ரோல் கிராணியாக வேலைக்குச் சேர்ந்த புதிது. எந்தத் தோட்டம் என்பது இப்போது வேண்டாம். அங்கே புல்வெட்டுக் கொந்தராத்து எடுத்திருந்தவர் தினமும் ஒரு சிட்டை கொண்டு வந்து கொடுப்பார். அதில் 32 பெயர் இருக்கும். பெரட்டில் நின்று எண்ணினால் 24 பேர்தான் இருப்பார்கள். "மற்ற எட்டுப் பேர் எங்கே?" என்று கேட்டால், "முன்னாலேயே காட்டுக்குப் போய்விட்டார்கள், கிராணியாரே" என்பார். நானும் எழுதிக்கொள்வேன். சின்ன வயசு. பெரியவரோடு ஏன் வம்பு என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்துச் சம்பள நாளன்று துரை தாமே மேசையில் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆளைப் பார்த்துப் பணம் கொடுக்கச் சொன்னார். எட்டுப் பெயருக்கு ஆள் இல்லை. அந்த எட்டில் ஒருவர் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

கொந்தராத்துக்காரர் அன்று இரவே தோட்டத்தை விட்டுப் போய்விட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உண்மையாக வேலை செய்த 24 பேருக்கு என்ன ஆயிற்று தெரியுமா? "கணக்கு முழுவதையும் சோதிக்க வேண்டும்" என்று சொல்லி இரண்டு வாரம் அவர்கள் சம்பளம் நிறுத்தப்பட்டது. ஓர் அம்மா ஆபீஸ் வாசலில் நின்று, "ஐயா, நான் இருக்கிறேன், என்னைப் பாருங்கள், நான் இருக்கிறேன்" என்று அழுதது இன்றும் என் காதில் கேட்கிறது.

தோழர்களே! இல்லாத எட்டுப் பேரை எழுதியதனால், இருக்கிற ஒருத்தி தான் இருப்பதை நிரூபிக்க வேண்டி வந்தது. எழுதிய கை இந்தக் கைதான். அதை மறைக்க நான் விரும்பவில்லை. இப்போது நான் சொல்லப் போவதை எல்லாம் இந்தச் சம்பவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வாழைத் தோட்டத்து நாடு

மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் என்று ஒரு நாடு இருக்கிறது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள். நமக்கு ரப்பர் எப்படியோ, அவர்களுக்கு வாழை அப்படி. 1954 ஆம் ஆண்டில் அந்நாட்டு வாழைத் தோட்டங்களில் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் இரண்டு மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டத்தினால்தான் அங்கே தொழிற்சங்கம் அங்கீகாரம் பெற்றது. நம் நாட்டில் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதும் அதே 1954 இல்தான் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன்.

அந்த நாட்டில் 2014 முதல் 2022 வரை அதிபராக இருந்தவர் ஹுவான் ஒர்லாண்டோ எர்னாண்டஸ். 2017 நவம்பரில் அவர் மறுபடியும் தேர்தலில் நின்றார். வாக்கு எண்ணிக்கையில் பெருத்த சந்தேகம் எழுந்தது. அமெரிக்க நாடுகள் அமைப்பின் தலைமைச் செயலாளரே மறுதேர்தல் நடத்த வேண்டும் என்றார். மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கலவரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். எர்னாண்டஸோ பதவியில் தொடர்ந்தார்.

தெருவில் இப்படி இருக்க, முகநூலில் என்ன தெரிந்தது? அதிபர் எதை எழுதினாலும் ஆயிரக்கணக்கில் லைக். பாராட்டு மேல் பாராட்டு.

2018 இல் முகநூல் நிறுவனத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சோஃபி ஜாங் என்ற பெண், போலி லைக்குகளைக் கண்டுபிடிக்கும் பிரிவில் இருந்தார். நம் செக்ரோல் கிராணி வேலை போன்றதுதான் அதுவும். அவர் எண்ணிப் பார்த்தார். அந்த ஆண்டின் நடுவில் ஆறு வாரத்தில் அதிபரின் பதிவுகளுக்கு லைக் போட்டவர்கள் சுமார் 59,000 பேர். அவர்களில் நூற்றுக்கு 78 பேர் மனிதர்களே அல்லர். பெயர்கள் மட்டும்.

அந்த வித்தையையும் சொல்கிறேன். முகநூலில் ஓர் ஆளுக்கு ஒரு கணக்குதான் என்பது விதி. ஆனால் கடைக்கும் சங்கத்துக்கும் தலைவர்களுக்கும் 'பக்கம்' என்று ஒன்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட பக்கங்களை ஒரே ஆள் எத்தனை வேண்டுமானாலும் வைத்து நடத்தலாம். எர்னாண்டஸின் பக்கத்தை நடத்தியவர்களே இத்தகைய பக்கங்களை நூற்றுக்கணக்கில் தொடங்கினார்கள். அவற்றுக்கு மனிதப் பெயர் சூட்டினார்கள், முகப்படம் ஒட்டினார்கள், வேலை செய்யும் இடம்கூட எழுதினார்கள். பார்ப்பவருக்கு ஏதோ ஊரிலுள்ள ஒரு சாதாரண ஆள் என்று தோன்றும். ஆனால் எல்லாப் பெயரையும் எழுதியது ஒரே சிட்டைக்காரர்தான்.

சோஃபி ஜாங் இதை மேலதிகாரிகளிடம் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். நடவடிக்கை எடுக்க ஏறத்தாழ ஒரு வருஷம் ஆயிற்று. 2019 ஜூலையில் நிறுவனம் 181 கணக்குகளையும் 1,488 பக்கங்களையும் நீக்கியது. ஹோண்டுராஸ் அரசாங்கத்தின் சமூக ஊடக வேலையைக் கவனித்தவர்களுக்கு இவற்றோடு தொடர்பு உண்டென்று அந்நிறுவனமே அறிவித்தது.

அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? 2020 செப்டம்பரில் வேலை போயிற்று. வேலைத்திறன் போதாது என்று காரணம் சொன்னார்கள். நிறுவனத்தைக் குறைகூறக் கூடாது என்ற நிபந்தனையோடு 64,000 டாலர் கொடுக்க வந்தார்கள். அவர் அதை வாங்கவில்லை. 2021 ஏப்ரலில் உலகம் அறிய எல்லாவற்றையும் சொன்னார். தொழிலாளி என்ற முறையில் அந்தப் பெண்ணுக்கு நான் இந்த மேடையிலிருந்து வணக்கம் செலுத்துகிறேன்.

வாதாடுவது இல்லை

சீனாவில் நடந்த இன்னொன்றையும் கேளுங்கள். அங்கே ஜியாங்ஷி மாநிலத்தில் ஒரு மாவட்ட அலுவலகம். இணையத்தில் பிரசாரம் செய்வது அதன் வேலை. அதன் மின்னஞ்சல்கள் 2014 இல் வெளியே கசிந்தன. கேரி கிங், ஜெனிஃபர் பான், மார்கரெட் ராபர்ட்ஸ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் அவற்றை வைத்துக்கொண்டு கணக்கிட்டு, 2017 இல் முடிவை வெளியிட்டார்கள். பொதுமக்கள் எழுதுவதுபோல் அரசாங்கம் எழுதச் செய்யும் செய்திகள் நாடு முழுவதிலும் ஆண்டுக்கு 44 கோடியே 80 லட்சம் இருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. எழுதியவர்கள் யார்? பெரும்பாலும் அரசாங்க ஊழியர்கள்.

இவர்கள் எதை எழுதினார்கள் என்பதுதான் முக்கியம். அரசாங்கத்தைக் குறைகூறுகிறவரோடு இவர்கள் வாதாடவில்லை. மறுத்துப் பேசவும் இல்லை. எங்கேயாவது மனக்கசப்பு எழும்போது, நாட்டின் பெருமை, தியாகிகளின் நினைவு, திருநாள் வாழ்த்து என்று வேறு பேச்சைக் கொண்டு வந்து குவித்தார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நீங்கள் முறையிட்டால், "நம் தோட்டத்துப் பூந்தோட்டம் எத்தனை அழகு!" என்று ஐந்நூறு பேர் ஒரே சமயத்தில் பாடினால் எப்படி? உங்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் உங்கள் குரல் அமுங்கிப் போகிறது.

நம் நாட்டில்

இதெல்லாம் எங்கேயோ நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 2022 ஆகஸ்டில், முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் மலேசியாவைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 596 முகநூல் கணக்குகள், 180 பக்கங்கள், 11 குழுக்கள், 72 இன்ஸ்டாகிராம் கணக்குகள் ஆகியவற்றை நீக்கியதாகச் சொன்னது. சுதந்திரமான செய்தி நிறுவனங்கள்போல் வேடம் போட்டு, மலாய் மொழியில், அன்றைய ஆளும் கூட்டணிக்கு ஆதரவாகவும் அதைக் குறைகூறியவர்களுக்கு எதிராகவும் அவை எழுதி வந்தன என்பது அறிக்கை. அந்தப் பக்கங்களில் ஏதேனும் ஒன்றையாவது பின்தொடர்ந்த கணக்குகள் சுமார் 4,27,000. நடத்தியவர்கள் தங்களை மறைத்துக்கொள்ள முயன்றாலும், அரச மலேசியக் காவல்துறையோடு தொடர்பு தெரிந்தது என்றும் அந்நிறுவனம் எழுதியது.

இது மெட்டா நிறுவனம் சொன்னது. நீதிமன்றம் விசாரித்துக் கொடுத்த தீர்ப்பு அல்ல. அந்த வேறுபாட்டை நாம் மறந்து பேசலாகாது. அந்த ஆண்டு நவம்பரில் தேர்தல் நடந்து அரசாங்கமும் மாறிவிட்டது. ஆகவே இன்று ஒரு கட்சியைத் திட்டுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. இந்தக் காரியத்தை எதிர்க்கட்சிகளும் செய்யலாம், முதலாளிகளும் செய்யலாம். ஆனால் ஆளும் கட்சி செய்யும்போது ஒரு கொடுமை கூடுகிறது. அதனிடம் அரசாங்கச் சம்பளப் பட்டியல் இருக்கிறது. நீங்களும் நானும் கட்டிய வரிப்பணத்தில் ஆள் வைத்து, நம்மைப்போலவே வேடம் போட்டு, நமக்கே எதிராகப் பேசச் செய்ய முடியும்.

தென்கொரியாவில் அதுதான் நடந்தது. 2012 அதிபர் தேர்தல் சமயத்தில் அந்நாட்டு உளவுத்துறை ஊழியர்கள் பொதுமக்கள் போல் இணையத்தில் எழுதினார்கள். அந்தத் துறையின் தலைவராக இருந்த வோன் செ ஹூனுக்கு நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனையை 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அது குற்றச்சாட்டு அல்ல, தீர்ப்பு. எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் கணக்குக் கேட்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

எதற்காக இத்தனை பாடு?

போலி லைக் ஓட்டுப் போடாது. அது நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஹோண்டுராஸில் 2021 நவம்பரில் நடந்த தேர்தலில் எர்னாண்டஸின் தேசியக் கட்சி தோற்றது. சியோமாரா காஸ்ட்ரோ என்ற பெண்மணி வென்றார். ஓட்டுச் சாவடிக்கு அந்தப் பெயர்களில் ஒன்றுகூட வரவில்லை.

பின் எதற்காக இதைச் செய்கிறார்கள்? எனக்குப் பதில் கிடைத்தது ஒரு புத்தகத்தில் அல்ல, நம் தோட்டத்திலேயே. குழாய் விஷயமாக வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போனபோது ஒரு மகள் பேனாவைக் கையில் வாங்கிவிட்டுத் தயங்கியது. "ஐயா, போனில் பார்த்தால் எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்னு சொல்றாங்க. நாம மட்டும்தான் குறை சொல்றோமா?" என்று கேட்டது.

தோழர்களே, அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை பாடும்! தன்னைத் தவிர எல்லோருக்கும் சம்மதம் என்று ஒருவன் எண்ணிவிட்டால் போதும். அவனை மிரட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம், வேலையை விட்டு நீக்கவும் வேண்டாம். அவனே வாயை மூடிக்கொள்வான். பக்கத்து வீட்டுக்காரனும் அதே காரணத்தால் வாயை மூடிக்கொள்வான். நூறு வீட்டில் நூறு பேரும் தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டு இருப்பார்கள். சங்கம் என்பது இந்த நினைப்பை உடைப்பதற்காகவே பிறந்தது.

பாலில் தண்ணீர்

அப்படியானால் முகநூலில் காண்பது எல்லாம் பொய்யா? அப்படிச் சொல்வதும் தவறு. அரசாங்கத்தைப் புகழ்கிறவரெல்லாம் கூலிக்குப் புகழ்கிறவர் என்று சொல்லிவிடலாகாது. மனமாரப் புகழ்கிறவரும் உண்டு. அவரையும் போலி என்று ஏசினால், ஆபீஸ் வாசலில் நின்று அழுத அந்த அம்மாவுக்குச் செய்த அநியாயத்தையே இவருக்கும் செய்கிறோம்.

வாளி நிறைந்திருப்பதைப் பார்த்து யாரும் பால் கணக்கு எழுதுவதில்லை. தண்ணீர் கலந்தாலும் வாளி நிறையும். அதனால்தான் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்க்கிறோம். இங்கேயும் அப்படிச் சில சோதனைகள் உண்டு. பாராட்டி எழுதிய பெயரைத் தொட்டு உள்ளே போய்ப் பாருங்கள். அது எப்போது தொடங்கிய கணக்கு? உற்றார் உறவினர் யாராவது பேசியிருக்கிறார்களா? கல்யாணம், சாவு, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஒரு மனிதனுக்கு உள்ள சங்கதி ஏதாவது உண்டா, அல்லது ஒரே கட்சியின் புகழ் மட்டும்தானா? ஒரே வாக்கியத்தைப் பத்துப் பெயர்கள் எழுத்துக்கு எழுத்து மாறாமல் எழுதியிருக்கின்றனவா? ஆள் போல் பெயர் வைத்துக்கொண்டு உண்மையில் அது ஒரு 'பக்கமா'? ஓர் அடையாளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நான்கைந்து சேர்ந்து வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். சந்தேகம் உள்ளதைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, போனில் ஒரு கூட்டம் சொல்வதைப் பக்கத்து வீட்டில் நேரே போய்க் கேட்டுப் பாருங்கள்.

முப்பத்தொரு பேர்

இனி ஏழாவது தீர்மானத்துக்கு வருகிறேன்.

தம்பிமாரே! ஐயாயிரம் லைக்கை நாம் வாங்குகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். இந்தத் தோட்டத்தில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று நிர்வாகத்துக்குத் தெரியாதா? ஒரு நாள் மானேஜர் அந்தப் பெயர்களைத் தொட்டுப் பார்ப்பார். எல்லாம் எங்கோ உள்ள வெறும் பெயர்கள் என்று தெரிந்துவிடும். அப்புறம் நாம் வீடு வீடாகப் போய் வாங்கிய 87 கையெழுத்தை அவர் மேசையில் வைத்தால் என்ன சொல்வார்? "இதுவும் காசுக்கு வாங்கியதுதானே?" என்பார். அப்போது நம்மில் ஒவ்வொருவரும் அந்த வாசலில் நின்று "நான் இருக்கிறேன் ஐயா" என்று சொல்ல வேண்டி வரும்.

ஆளும் கட்சிக்குப் போலிக் கூட்டம் கலைந்தாலும் போலீஸ் இருக்கிறது, கஜானா இருக்கிறது, சட்டம் இயற்றும் அதிகாரம் இருக்கிறது. நமக்கு இருப்பது எண்ணிக்கை ஒன்றுதான். நமது சந்தாப் புத்தகத்தில் ஒரு பெயர் இருந்தால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார் என்ற நம்பிக்கை ஒன்றுதான். வேலைநிறுத்தம் என்றால் முதலில் இரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பெட்டியில் லைக் விழாது. வாழைத் தோட்டத்தில் 1954 இல் நின்ற இருபத்தையாயிரம் பேருக்குப் பசித்தது. அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவர்கள் உண்மையான ஆட்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. அதனால்தான் கம்பெனி பேச்சுவார்த்தைக்கு வந்தது.

முப்பத்தொரு லைக் குறைவு என்கிறீர்கள். நான் நேற்று இரவு கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த 31 பெயரையும் வாசித்தேன். ஒருவர் விடாமல் எனக்குத் தெரியும். ஸ்டோரில் வேலை செய்கிறவர், ஆயாக்கொட்டகை அம்மா, பட்டணத்தில் தொழிற்சாலைக்குப் போய்விட்ட நம் பிள்ளைகள் நான்கு பேர், பால் வெட்டுகிற பெண்கள் பதினோரு பேர். கூப்பிட்டால் வருகிற பெயர்கள். இந்த 31 ஐ 62 ஆக்க வழி உண்டு. ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

ஆகவே ஒரு திருத்தம் சொல்கிறேன். அந்த 300 வெள்ளியை ஒதுக்குவோம். குழாயிலிருந்து வருகிற தண்ணீரை ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிச் சோதித்து வாங்க அதைச் செலவிடுவோம். அந்தச் சோதனைத் தாளையும் 87 கையெழுத்தையும் சேர்த்து வைப்போம். தம்பிமார் அதைப் படம் எடுத்து முகநூலில் போடட்டும். எத்தனை லைக் விழுந்தாலும் சரி.

இந்தத் திருத்தத்தை ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள். செயலாளர் ஒவ்வொரு கையாக எண்ணட்டும். ஆளுக்கு ஒரு கை மட்டும் தூக்குங்கள், தோழர்களே!